அண்ணன் கொடுத்த சீட்டு

அக்டோபர் 8, ஞாயிறு

காலையிலிருந்து தண்ணீர் இல்லை. மோட்டார் காற்றைத்தான் இழுக்கிறது. பிளம்பருக்கு மூன்று முறை போன் செய்தேன். எடுக்கவில்லை.

பதினோரு மணிக்குத் தவசி வந்தான். மாதக்கணக்கில் எட்டிப் பார்க்காத தம்பி வாசலில் ஹாரன் அடித்தால் அவனுக்கு ஏதோ ஆக வேண்டியிருக்கிறது என்று அர்த்தம். அப்பா 2006இல் வாங்கிய ஏழு பேர் வண்டியில்தான் வந்தான். போடியிலிருந்து போடிமெட்டுக்கு, ஏலத் தோட்டத்துக்கு, வாரத்தில் ஆறு நாள் மலையேறி இறங்குகிற வண்டி. அப்பா அதை 'மூத்தவன்' என்றுதான் கூப்பிடுவார். பெற்ற மூத்தவன் நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பேன்.

“பிரேக்கு என்னமோ பஞ்சு மாதிரி அமுங்குதுண்ணே. நாளைக்குச் சிக்கந்தர் பட்டறையில விடலாம்னு இருக்கேன். அதுக்கு முன்ன நீ ஒருக்காப் பாரேன்.”

பார்த்தேன். இருபத்தெட்டு வருடமாகப் பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் பாடம் நடத்துகிறவனுக்கு அதைப் பார்க்கப் பத்து நிமிடம் போதும். பிரேக் ஆயில் கருப்பாக, டீத்தூள் கொதித்த தண்ணீர் போல இருந்தது. அளவும் குறைந்திருந்தது. பின்னால் வலது சக்கரத்தின் உள்பக்கம் ஈரம். பெடல் பாதி தூரம் சும்மா போனது.

“இன்னும் நியூட்ரல்லதான் இறக்குறியா?” என்றேன்.

“பின்ன? மேல கருப்பசாமிக்குச் சூடம் காட்டிட்டு நியூட்ரல்ல போட்டா அடிவாரத்துல முந்தல் வந்துதான் கியரு. அப்பா காலத்துல இருந்து அதான.”

இறக்கத்தில் நியூட்ரலில் உருட்டினால் வண்டியின் முழு எடையையும் பிரேக் ஒன்றே தாங்க வேண்டும், சூடேறும், பழைய ஆயில் கொதித்துவிடும் என்று சொல்ல ஆரம்பித்தேன். ஒரு வாக்கியம்கூட முடியவில்லை. அவனோடு வந்திருந்த தோட்டத்து ஆட்கள் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

“நீ போர்டுல ஓட்டுண்ணே, நான் ரோட்டுல ஓட்டுறேன்.”

ஆட்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

வண்டி வாங்கிய முதல் வாரம் மேட்டிலிருந்து நான்தான் இறக்கிக்கொண்டு வந்தேன். இரண்டாவது கியரில், புத்தகத்தில் சொல்லியிருக்கிறபடி. ஒன்பதாவது வளைவில் அப்பா நிறுத்தச் சொன்னார். “இப்பிடி இரையவிட்டா இன்ஜின் என்னத்துக்கு ஆகும்? இறங்குடா. தவசி, நீ வா.” ஆட்கள் முன்னாலேயே அப்படிச் சொன்னார். முந்தல் வரை ஏலக்காய் மூட்டைகளோடு பின்னால் உட்கார்ந்து வந்தேன். மொத்தம் பதினேழு வளைவு, எனக்கு மிச்சம் எட்டு. அந்த எட்டையும் மறக்கவில்லை.

“எதுன்னாலும் எழுதிக் குடுத்துருண்ணே, சிக்கந்தர்கிட்ட காட்டிக்கிறேன்” என்று சொல்லிவிட்டுத் தவசி போனான்.

எழுதித்தானே கொடுக்க வேண்டும்.

அக்டோபர் 9, திங்கள்

பிளம்பர் வந்தான். வாஷர் போய்விட்டது என்றான். அதை நானே சொல்லியிருப்பேன்.

அக்டோபர் 10, செவ்வாய்

கல்லூரித் தாளில், துறையின் பெயர் அச்சடித்த தாளில், ஐந்து வரி எழுதினேன். ஆங்கிலத்தில். குறை, காரணம், பரிந்துரை என்று முறைப்படி. கீழே கையெழுத்து, பதவி, தேதி. ஒரு சொல் கூடுதலில்லை. ஆய்வறிக்கை என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்.

என் மனைவி செண்பகம் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

“தம்பிக்கு இங்கிலீசு தெரியாதேங்க?”

“அவன் மக மதி படிக்கிறது இங்கிலீஷ் மீடியம்தான. அவ படிச்சுச் சொல்வா.”

“தமிழ்லயே எழுதுனா என்ன?”

“டெக்னிக்கல் விஷயத்தைத் தமிழ்ல எழுத முடியாது.”

அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். தவசி எட்டாம் வகுப்போடு நின்றவன். அது என் குற்றமல்ல.

அக்டோபர் 11, புதன்

கல்லூரிக்குப் போகிற வழியில் அவன் வீட்டில் கொடுத்தேன். தாளை இரண்டு கையாலும் வாங்கினான். மேலும் கீழும் பார்த்தான். “கையெழுத்தெல்லாம் போட்டு, சீலு வச்சாப்புல இருக்குண்ணே” என்றான். கிண்டல்தான். அவன் மனைவி மங்கை காபி எடுத்துக்கொண்டு வந்தாள்.

“இருந்து சாப்ட்டுப் போங்க மாமா. வந்தா வாசலோடயே போயிர்றீங்க.”

முதல் பீரியட் இருக்கிறது என்று கிளம்பிவிட்டேன். முதல் பீரியட் இல்லை.

எழுத்து மூலம் தெரிவித்தாயிற்று. என் கடமை முடிந்தது.

அக்டோபர் 15, ஞாயிறு

விடைத்தாள் நாற்பத்திரண்டு. 'பிரேக் ஆயிலை ஏன் குறிப்பிட்ட காலத்தில் மாற்ற வேண்டும்?' ஒருவன் 'பழையதாகிவிடும்' என்று மட்டும் எழுதியிருக்கிறான். அரை மதிப்பெண் போட்டேன். இதே கேள்வியில் சிக்கந்தரையும் ஒரு முறை பெயிலாக்கினேன். இன்று ஊரிலேயே பெரிய பட்டறை அவனுடையது.

தவசியிடமிருந்து போன் இல்லை. நன்றி சொல்லும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது.

அக்டோபர் 23, திங்கள்

ஆயுத பூஜை. போகக் கூடாது என்றுதான் இருந்தேன். செண்பகம் விடவில்லை.

வண்டியைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். முன்னால் மணையில் கவாத்துக் கத்தி, தராசு, ஸ்பேனர் செட், மதியின் கணக்குப் புத்தகம். அவற்றோடு தாம்பாளத்தில் என் தாள். நான்கு மூலையிலும் சந்தனம் தடவி, நடுவில் குங்குமம் வைத்திருந்தார்கள். சரியாகக் கையெழுத்தின் மேல்.

முதலில் எனக்குப் புரியவில்லை. தோட்டத்து ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். தவசி தாளை எடுத்து எல்லோருக்கும் காட்டினான்.

“எங்கண்ணன் குடுத்த சீட்டு. இஞ்சினீயரு. வண்டிக்கடியில படுத்துப் பாத்து, ஒண்ணும் பயமில்லைன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துருக்காரு. இதுக்கு மேல எவன் பாக்கணும்?”

ஆட்களில் பெரியவர் ஒருவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். அன்று சிரித்த இரண்டு பேரும் இருந்தார்கள். சிரிக்கவில்லை. மங்கை முதல் இலையை எனக்குப் போட்டாள். “மாமாவுக்கு மொதல்ல வைங்க” என்று சத்தமாகச் சொன்னாள். சர்க்கரைப் பொங்கலில் நெய் அதிகம்.

பூஜை முடிந்ததும் தாளை மடித்து, டிரைவர் சீட்டுக்கு மேல் வெயில் மறைப்பில், கருப்பசாமி படத்துக்குப் பின்னால் செருகினான்.

மதி பள்ளித் தோழிகளோடு தெருவில் இருந்தாள். அவளிடம் யாரும் படிக்கக் கொடுத்ததாகத் தெரியவில்லை.

தாளில் இருப்பது வேறு என்று கூட்டத்தில் சொல்வது முறையாக இருக்காது.

அக்டோபர் 24, செவ்வாய்

தவசிக்குப் போன் செய்தேன். 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்று வந்தது. மேட்டில் டவர் கிடைக்காது. சாயங்காலம் செய்யலாம்.

சாயங்காலம் செண்பகத்தை மூட்டு டாக்டரிடம் கூட்டிப் போனதில் முடியவில்லை.

அக்டோபர் 29, ஞாயிறு

நான்கு நாளாக மழை. கடைத்தெருவில் தவசியின் வண்டி கடந்து போனது. என்னைப் பார்த்து வேகத்தைக் குறைத்து, கண்ணாடியை இறக்கி, மேலே செருகியிருந்த தாளைத் தட்டிக் காட்டிச் சிரித்தான். பின்னால் பஸ் ஹாரன் அடிக்கவே போய்விட்டான். பிரேக் விளக்கு எரிந்தது. நின்றுதான் போனான். அதாவது, பிடிக்கத்தான் செய்கிறது.

நவம்பர் 3, வெள்ளி

மங்கை இறந்துவிட்டாள்.

நவம்பர் 5, ஞாயிறு

நேற்று அடக்கம். மதியைச் செண்பகம் எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டாள்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணி. மழை காரணமாக வேலையை நிறுத்தி ஆட்களை முதலிலேயே ஜீப்பில் அனுப்பிவிட்டான். வண்டியில் தவசியும் மங்கையும் மட்டும், பின்னால் ஐந்து மூட்டை. கருப்பசாமிக்குச் சூடம் காட்டியிருக்கிறார்கள். நியூட்ரல். பதின்மூன்று வளைவு வரை ஒன்றும் இல்லை. அதற்கு மேல் பெடல் தரையோடு போயிருக்கிறது. கியர் விழவில்லை. பள்ளத்தில் போகாமல் இருக்க மலைப்பக்கம் ஒடித்திருக்கிறான். இடது பக்கம் பாறையில் மோதியது. மங்கை அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள்.

பெடலோடு சேர்த்து அவனுடைய வலது கால் நசுங்கிவிட்டது. தேனி ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மனைவி முகத்தை அவன் பார்க்கவில்லை.

கொள்ளிக்குடம் உடைக்கும்போது மதி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லை, வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

நவம்பர் 8, புதன்

சிக்கந்தர் வீட்டுக்கே வந்தான். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. இருபது வருடம் கழிந்தும் என் முன்னால் நின்றுகொண்டுதான் பேசுகிறான்.

“சார், ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். போன மாசம் தவசியண்ணன் வண்டிய எடுத்துட்டு வந்தாரு. பிரேக்கு பாக்கணும்னு மொத நாளே போன்ல சொல்லியிருந்தாரு. நானும் நாலு வீலையும் கழட்டணும், ஒரு நாள் ஆகும்னேன். ‘வேணாம்டா, அண்ணனே பாத்து எழுதிக் குடுத்துருச்சு, நீ வாட்டர் வாஷ் மட்டும் பண்ணு, பூஜை வருது’ன்னாரு.”

நாற்காலியை மறுபடியும் அவன் பக்கம் நகர்த்தினேன்.

“சீட்டக் காட்டுங்கண்ணேன்னேன். ‘ஒனக்கு எதுக்குடா, ஒன்னப் பெயிலாக்குன ஆளு எழுதுனது’ன்னு சிரிச்சாரு. சார் பாத்துட்டாருன்னதும் நானும் விட்டுட்டேன் சார். சார் சொன்னா சரியாத்தான இருக்கும்.” முகத்தைத் துடைத்துக்கொண்டான். “ஒங்க கண்ணுக்கு அன்னைக்கு ஒண்ணும் படலையா சார்?”

“அன்னைக்கு ஒண்ணும் தெரியல” என்றேன்.

தலையாட்டினான். படியிறங்கும்போது ஒரு முறை திரும்பிப் பார்த்தான். என்னைத் தேற்றுவது போல.

நவம்பர் 10, வெள்ளி

ஆஸ்பத்திரி. ஆரஞ்சு வாங்கிப் போனேன். தவசி பாதியாகிவிட்டான். போர்வையின் கீழ் வலது பக்கம் தட்டையாக இருக்கிறது. அங்கே பார்க்காமல் பேச வேண்டியிருக்கிறது.

போலீஸ் வந்து வாக்குமூலம் வாங்கிப் போயிருக்கிறது. வண்டியில் கோளாறா என்று கேட்டிருக்கிறார்கள்.

“இல்லைன்னுட்டேண்ணே. வண்டிய எங்கண்ணன் பாத்துக் குடுத்தது, அதுல கொறை இருக்காது, எங் கையிலதான் தப்புன்னு எழுதிக்கச் சொல்லிட்டேன்.” விட்டத்தைப் பார்த்தான். “நாந்தாண்ணே அவளக் கொன்னேன்.”

மதி ஜன்னலோரம் டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“ஆமா, அந்தச் சீட்டுல என்னதாண்ணே எழுதியிருந்த? நானும் கேக்கணும் கேக்கணும்னே இருந்தேன்.”

கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் இருந்த நேரம் அதிகமில்லை. மூச்சு ஒன்று இருக்கும்.

“வண்டி நல்லா இருக்குன்னு எழுதியிருந்தேன்.”

“தெரியும்ணே” என்று கண்ணை மூடிக்கொண்டான்.

டம்ளரைத் தேய்க்கும் சத்தம் நின்றுவிட்டது.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. எங்கள் வீட்டில் இல்லை. தெரு முழுக்க வெடிச் சத்தம். மோட்டார் மறுபடியும் காற்றை இழுக்கிறது.

மத்தியானம் மதி என் அறை வாசலில் வந்து நின்றாள். கையில் பிளாஸ்டிக் பை. ஸ்டேஷனில் வண்டியிலிருந்து எடுத்துக் கொடுத்த பொருட்கள்: அவள் அம்மாவின் ஒற்றைச் செருப்பு, குடை, கருப்பசாமி படம். படத்துக்குப் பின்னாலிருந்து தாளை உருவி என் மேசையில் வைத்தாள். சந்தனம் காய்ந்து உதிர்ந்தது. குங்குமம் மட்டும் கையெழுத்தின் மேல் அப்படியே இருந்தது.

“செவ்வாக்கெழமையே படிச்சிட்டேன் பெரியப்பா.”

அவள் அழுதிருந்தால் நான் ஏதாவது சொல்லியிருப்பேன். அழவில்லை.

“இதுல வண்டிய மலைக்கு எடுக்கக் கூடாதுன்னுதான போட்டுருக்கு?”

“ஆமா.”

“அப்பாவுக்கு இங்கிலீசு படிக்கத் தெரியாதுன்னு ஒங்களுக்குத் தெரியும்ல?”

எனக்குத் தெரியும் என்று இந்த நோட்டில் முதல்முறையாக எழுதுகிறேன். எழுதும்போதும் தெரியும், கொடுக்கும்போதும் தெரியும். அவன் மகளிடம் தாளை நீட்டி, 'ஒங்க பெரியப்பன் என்னத்தடா எழுதியிருக்கான்' என்று கேட்க வேண்டும், அந்த வீட்டில் என் படிப்பு ஒரு தரமாவது தேவைப்பட வேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். பூஜையன்று அவன் தப்பாகப் புரிந்துகொண்டது தெரிந்தும் வாயைத் திறக்காததற்கு அந்தக் காரணம்கூட இல்லை. ஆட்கள் என்னைக் கும்பிட்டார்கள். நன்றாக இருந்தது.

“அப்பா நெனப்பெல்லாம் தான்தான் அம்மாவக் கொன்னோம்னு இருக்கு. தூங்க மாட்டேங்கிறாரு” என்றாள். “நான் படிச்சுக் காட்டட்டுமா, நீங்களே படிக்கிறீங்களா?”

“நான் படிக்கிறேன்.”

“அப்பா வீட்டுக்கு வர்றதுக்குள்ள” என்றாள். பதினாலு வயது.

நவம்பர் 13, திங்கள்

தமிழில் எழுதிப் பார்த்தேன். அதுவும் ஐந்து வரிதான். எழுத நான்கு நிமிடம் ஆனது.

'தவசி, இந்த வண்டியை மலைக்குக் கொண்டு போகாதே.
பின்னால் வலது சக்கரத்தில் பிரேக் ஆயில் கசிகிறது.
இருக்கிற ஆயிலும் பழசு, சூடேறினால் கொதித்துவிடும், அப்புறம் எத்தனை மிதித்தாலும் வண்டி நிற்காது.
நியூட்ரலில் இறக்காதே, இரண்டாவது கியரில் இறக்கு.
நாளைக்கே சிக்கந்தரிடம் விடு.'

ஆங்கிலத் தாளில் அவன் பெயர் இல்லை. 'போகாதே' என்பதும் இல்லை. 'தவிர்ப்பது பரிந்துரைக்கப்படுகிறது' என்று இருந்தது.

நவம்பர் 14, செவ்வாய்

மழை. போகவில்லை.

நவம்பர் 15, புதன்

போகவில்லை.

நவம்பர் 16, வியாழன்

இரண்டாம் ஆண்டுக்கு பிரேக் பாடம். போர்டில் படம் போட்டேன். பெடல், மாஸ்டர் சிலிண்டர், குழாய், சக்கரம். அதுவரை சரியாக இருந்தேன். பிறகு முழுக்கத் தமிழில் பேச ஆரம்பித்துவிட்டேன். பின் வரிசையில் வழக்கமாகத் தூங்குகிறவன் நிமிர்ந்து உட்கார்ந்து, “சார், நியூட்ரல்ல எறக்குனா டீசல் மிச்சம்னு எங்கப்பா சொல்வாரு சார்” என்றான். வகுப்பு சிரித்தது. அவனை எழுப்பி நிறுத்தி, சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் உன் அப்பாவிடம் இதைச் சொல், சிரித்தாலும் சொல், திரும்பத் திரும்பச் சொல் என்றேன். வகுப்பில் சிரிப்பு நின்றுவிட்டது. சாக்பீஸ் என் கையில் உடைந்திருந்தது.

நவம்பர் 18, சனி

தவசியைத் திங்கட்கிழமை அனுப்புகிறார்களாம். அழைத்துவர என் காரைக் கேட்டிருக்கிறான். 'அண்ணன் ஓட்டுனா போதும்' என்றானாம்.

இன்று காலை காரின் நான்கு சக்கரத்தையும் கழற்றிப் பார்த்தேன். ஆயிலை மாற்றினேன். அது போன வருடம் மாற்றியதுதான்.

நவம்பர் 20, திங்கள்

முன் சீட்டில் தவசி. பின்னால் மதியும் ஊன்றுகோலும். தேனியிலிருந்து போடி வரை நேர் ரோடு, மலை இல்லை. மேற்கே மேடு மட்டும் மேகத்துக்குள் இருந்தது. அவன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

தமிழில் எழுதிய தாள் என் சட்டைப்பையில் இருந்தது. மதிக்குத் தெரியும். கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. ஒவ்வொரு ஊர் தாண்டும்போதும், அடுத்த ஊரில் என்று நினைத்துக்கொண்டேன். கோடாங்கிபட்டி தாண்டியது. வேகத்தடை வந்தது. மெதுவாக்கினேன். பக்கத்தில் தவசியின் வலது தொடை விறைத்து முன்னால் எழுந்தது. அடுத்த வேகத்தடையிலும் அப்படியே. மூன்றாவதில் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் தொடையைப் பிடித்தான்.

“வலிக்குதா?”

“வலியில்லண்ணே. வண்டி போறப்பல்லாம் இல்லாத காலு பிரேக்க மிதிக்குது. மிதிக்க மிதிக்கத் தரையோட போகுது.” சிரிக்கப் பார்த்தான். “கட்டில்ல படுத்துருந்தாலும் மிதிக்குதுண்ணே.”

பின்னாலிருந்து மதி, “பெரியப்பா” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

புளியமரத்தடியில் ஓரமாக நிறுத்தினேன். கியரைப் போட்டு, கை பிரேக்கை இழுத்து, இன்ஜினை அணைத்தேன். தாளை எடுத்துப் பிரித்தேன். கண்ணாடி போட்டும் எழுத்து கலங்கித் தெரிந்தது. முதல் சொல் மட்டும் தெளிவாக இருந்தது.

“தவசி” என்று படித்தேன்.

“சொல்லுண்ணே” என்றான்.